டோக்கியோவின் ராமென் கடையில் சுகேமென்: வரிசையில் நிற்பது முதல் கடைசி மிடறு வரை

சுகேமென் என்பது, சூப்பில் நூடுல்ஸ் இட்டுத் தரும் ஜப்பானிய உணவான ராமெனின் ஒரு வகை; இதில் நூடுல்ஸையும் சூப்பையும் தனித்தனிக் கிண்ணங்களில் பரிமாறுகிறார்கள். தடித்த நூடுல்ஸை வேகவைத்துக் குளிர்ந்த நீரில் நன்றாக அலசி, நீரை வடித்து, ஒரு பெரிய கிண்ணத்தில் மடித்து வைக்கிறார்கள். வழக்கமான ராமென் சூப்பைவிட அடர்த்தியும் உப்பும் கூடிய சூடான சூப் அதன் பக்கத்தில் சிறிய கிண்ணத்தில் வருகிறது. உண்பவர் ஒவ்வொரு வாய்க்கும் சில இழைகளை எடுத்து, அந்தச் சூப்பில் தோய்த்து உண்ண வேண்டும். ராமெனில் சூப்புக்கு முதலிடம் என்றால், சுகேமெனில் நூடுல்ஸுக்கே முதலிடம். எந்த அளவு வாங்குவது, சூடாகக் கேட்பதா குளிர்ச்சியாகக் கேட்பதா, எவ்வளவு ஆழம் தோய்ப்பது, மேசையிலிருக்கும் பொடிகளை எப்போது தொடுவது என்று புதியவருக்கு எழும் ஐயங்கள் பெரும்பாலும் இதை நினைவில் வைத்தாலே தீர்ந்துவிடும்.

இந்த உணவு பிறந்த இடம் கடையின் சமையற்கட்டு. டோக்கியோவின் நகானோ பகுதியிலிருந்த தாய்ஷோகென் என்னும் கடையில் பணியாற்றிய யாமாகிஷி கசுவோ, வடிகட்டியில் எஞ்சிய நூடுல்ஸைச் சேர்த்துவைத்து, ஒரு கோப்பையில் சூப்பும் சோயா சாஸும் ஊற்றி அதில் தோய்த்துப் பணியாளர் உணவாக உண்பது வழக்கம். அதைக் கண்ட வாடிக்கையாளர்கள் தமக்கும் வேண்டுமென்று கேட்க, 1955-இல் ‘மொரிசோபா’ என்ற பெயரில் அது விலைப்பட்டியலில் ஏறியது. 1961-இல் அவர் ஹிகாஷி-இகேபுகுரோவில் தமக்கென ஒரு தாய்ஷோகென் கடையைத் திறந்தார். செய்முறையை மறைக்காமல் சீடர்களுக்குக் கற்றுக்கொடுத்ததால் அவர் வழிவந்த கடைகள் நாடெங்கும் பரவின. அவர் 2015-இல் காலமானார். அவருடைய பாணியில் சூப்பில் சிறிது வினிகரின் புளிப்பும் சர்க்கரையின் இனிப்பும் மிளகாயின் காரமும் சேர்ந்திருக்கும். இன்று பயணிகள் தேடிச் செல்லும் கெட்டியான, பழுப்பு நிறச் சூப், பன்றி எலும்பையும் உலர்மீனையும் சேர்த்துக் காய்ச்சும் முறையில் 2000-க்குப் பிறகு வேரூன்றிய பிற்காலப் பாணியாகும்.

முதல் கடையைத் தேர்ந்தெடுத்தல்

முதன்முறை உண்பவர் டோக்கியோ ரயில் நிலையத்தின் யாஏசு பக்கத்தில், நிலத்தடித் தளத்தில் அமைந்துள்ள டோக்கியோ ராமென் ஸ்ட்ரீட்டுக்குச் செல்வது எளிது. பயணச்சீட்டுக் கதவுகளுக்கு வெளியே இருப்பதால் ரயில் ஏறாதவரும் அங்கே செல்லலாம். 2009-இல் தொடங்கிய அந்த ராமென் கடைத் தொகுதியில் நெடிய கூட்டம் நிற்கும் கடை ரோக்குரின்ஷா. 2005-இல் ஓசாகி பகுதியில் தொடங்கிய அந்தக் கடையின் முன் திரண்ட வரிசை, அக்கம்பக்கத்தாருக்கு இடைஞ்சலாகிவிட்டதால் மூலக்கடையையே 2010-இல் மூட வேண்டியதாயிற்று. பன்றி எலும்பு, கோழி, உலர்மீன் ஆகியவை கலந்த கெட்டிச் சூப்பும் தடித்த நூடுல்ஸும் அதன் அடையாளம். சூப்பின் மேல் மிதக்கும் நோரி கடற்பாசித் துண்டின் மீது ஒரு சிறு குவியலாக மீன் பொடி வைத்துத் தருவார்கள்.

ஷின்ஜுகு நிலையத்தின் தெற்குப் பக்கத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில் ஃபூன்ஜி என்னும் சிறு கடை உள்ளது. அங்கே சூப் கோழியையும் மீனையும் கொண்டு காய்ச்சப்படுவதால் நாவில் வழவழப்பாகவும், பன்றி எலும்புச் சூப்பின் கனம் இல்லாமலும் இருக்கும். இருக்கைகள் கவுன்டரை ஒட்டியவை மட்டுமே. காத்திருப்போர் அமர்ந்து உண்பவர்களின் முதுகுக்குப் பின்னாலேயே நிற்பார்கள். அந்த நெருக்கத்தில் நிதானமாக உண்ண எல்லோராலும் இயலாது என்பதால், முதல் முறைக்கு ரோக்குரின்ஷாவையும் அடுத்த முறைக்கு ஃபூன்ஜியையும் நான் பரிந்துரைப்பேன்.

உணவுக் கட்டுப்பாடு உள்ளவர்கள் இந்த நிலையிலேயே எச்சரிக்கையாக இருக்க வேண்டும். சூப்பில் பன்றி இல்லாவிட்டாலும் மேலே வைக்கும் இறைச்சித் துண்டு பெரும்பாலும் பன்றியாகவே இருக்கும். இறைச்சியை வேண்டாமென்று எடுத்துவிடச் சொன்னாலும் சூப் மாறுவதில்லை. காய்கறிச் சூப் என்று எழுதியிருக்கும் இடத்திலும் மீன் சாறு கலந்திருக்க வாய்ப்புண்டு. எனவே சைவர்களும் பன்றி உண்ணாதவர்களும் ‘வீகன்’ அல்லது ‘ஹலால்’ என்று வெளிப்படையாக அறிவிக்கும் கடைகளைத் தேடிச் செல்வதே சரி. கூட்டம் நெரியும் கடையில், மொழி தெரியாத நிலையில், கவுன்டரில் நின்று பேசித் தீர்க்கக்கூடிய விஷயம் அன்று இது. கோதுமை ஒவ்வாதவர்களுக்கு இந்த உணவில் இடமே இல்லை. நூடுல்ஸிலும் சோயா சாஸிலும் கோதுமை இருக்கிறது.

நேரமும் வரிசையும்

மதியம் 12 மணி முதல் 1 மணி வரை அலுவலகத்தார் கூட்டம். இரவு 7 மணியை ஒட்டி மற்றொரு கூட்டம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பிற்பகல் நேரமே காத்திருப்பு குறைவான வேளை. ஆயினும் பல சிறு கடைகள் அப்போது கதவடைத்துவிடும் என்பதால் திறந்திருக்கும் நேரத்தை முன்னரே பார்த்துக்கொள்ள வேண்டும். சூப் தீர்ந்தவுடன், அறிவித்த நேரத்துக்கு முன்பாகவே கடையை மூடிவிடும் வழக்கமும் உண்டு. டோக்கியோ நிலைய ரோக்குரின்ஷா காலை உணவு வேளையிலும் சுகேமென் பரிமாறுகிறது; அந்நேரத்துச் சூப் கனம் குறைந்ததாகவும் அளவு சிறியதாகவும் இருக்கும். இரவு ரயிலில் வந்திறங்கியவருக்கு அது நல்ல தொடக்கம்.

வரிசையில் ஒருவர் நின்று நண்பர்களுக்கு இடம் பிடித்து வைப்பது கூடாது. உண்ண வந்திருக்கும் அனைவரும் சேர்ந்தே நிற்க வேண்டும். வரிசை சில இடங்களில் இரண்டாகப் பிரிந்து, அடுத்த கட்டடத்தின் வாசலை விட்டு விலகி, தெருவின் மறுபக்கத்தில் தொடரும். தரையில் ஒட்டிய குறிகளையும் சுவரில் மாட்டிய பலகைகளையும் பார்த்து வரிசையின் வால் எங்கே என்று உறுதி செய்துகொண்டு நிற்பது நல்லது. சிபா மாநிலத்து மட்சுடோவில் உள்ள தோமிதா போன்ற பெயர்பெற்ற கடைகளில், காலையிலேயே சென்று உணவுச் சீட்டைப் பெற்றுக்கொண்டு, குறித்த நேரத்தில் திரும்பி வரும் முறையும் இருந்துவருகிறது.

டிக்கெட் இயந்திரம்

பெரும்பாலான கடைகளில் வாசலருகே ஒரு டிக்கெட் இயந்திரம் நிற்கும். முதலில் பணத்தைச் செலுத்தி, பிறகு பொத்தானை அழுத்த வேண்டும். பழைய இயந்திரங்கள் 1,000 யென் தாளையும் நாணயங்களையும் மட்டுமே ஏற்கின்றன. 10,000 யென் தாளை மட்டும் பையில் வைத்துக்கொண்டு வரிசையின் தலைமாட்டில் திகைத்து நிற்பது பின்னால் இருப்பவர்களைச் சோதிக்கும். 2024 ஜூலையில் வெளிவந்த புதிய தாள்களை ஏற்காத இயந்திரங்களும் சிறு கடைகளில் இருக்கக்கூடும் என்பதால் சில்லறை நாணயங்களும் கைவசம் இருக்கட்டும். ஒரு கிண்ணத்துக்கு ஏறக்குறைய 1,000 முதல் 1,500 யென் வரை ஆகும்.

பொத்தான்களில் ஜப்பானிய எழுத்து மட்டும் இருந்தால், இடப்பக்க மேல் மூலையில் இருப்பதை அழுத்துவது பெரும்பாலும் தவறாகாது; கடையின் முதன்மை உணவை அங்கே வைப்பதே வழக்கம். அதே வரிசையில் விலை சற்றுக் கூடிய பொத்தான், சோயா சாஸில் ஊறிய முட்டை சேர்ந்ததாக இருக்கும். அதைவிட விலை மிகுந்தது, இறைச்சி, முட்டை, நோரி எல்லாம் கூடுதலாக வரும் ‘தொகுசெய்’. முதல் முறைக்கு முட்டை சேர்ந்ததே போதுமானது. எல்லாம் நிறைந்த கிண்ணத்தில் கவனம் இறைச்சியின் பக்கம் போய், நூடுல்ஸ் துணைக்கறி போல ஆகிவிடுகிறது.

அளவைத் தேர்ந்தெடுப்பதில்தான் புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுகிறார்கள். ‘நமி’ என்பது சாதாரண அளவு, ‘சூ’ நடுத்தரம், ‘ஓமோரி’ பெரியது. பல கடைகளில் இவற்றுக்கு விலை வேறுபாடு மிகக் குறைவு. சில கடைகளில் வேறுபாடே இல்லை. விலை ஒன்றுதானே என்று பெரியதைக் கேட்டுவிட்டுப் பாதியில் திணறுவோர் உண்டு. சுகேமெனின் சாதாரண அளவே ராமெனைவிடக் கூடுதல். மேலும், பலகையில் எழுதியிருக்கும் கிராம் கணக்கு வேகவைக்கும் முன்பா பின்பா என்பதைப் பார்க்க வேண்டும். 200 கிராம் பச்சை நூடுல்ஸ் வெந்தபின் 300 கிராமைத் தாண்டிவிடும். உணவை மிச்சம் வைப்பதை இத்தகைய கடைகள் விரும்புவதில்லை என்பதால் நமியோடு நிறுத்திக்கொள்வதே மேல்.

குளிர்ச்சியா, சூடா?

சீட்டைக் கொடுக்கும்போது சில கடைகளில் “அட்சுமோரியா, ஹியமோரியா?” என்று கேட்பார்கள். ஹியமோரி என்பது குளிர்ந்த நீரில் அலசிய நூடுல்ஸ். அட்சுமோரி என்பது அப்படி அலசியபின் மறுபடி வெந்நீரில் முக்கிச் சூடாக்கித் தருவது. குளிர்காலத்தில் சூடானதைக் கேட்கத் தோன்றும். ஆனால் குளிர்ந்ததைக் கேட்பதே சுகேமெனை முழுமையாக அறியும் வழி.

நூடுல்ஸ் மாவில் ‘கன்சுய்’ எனப்படும் காரத்தன்மையுள்ள (ஆல்கலி) கரைசல் சேர்க்கப்படுகிறது. சோடியம் கார்பனேட்டும் பொட்டாசியம் கார்பனேட்டும் அதில் முதன்மையானவை. மாவின் பசைத்தன்மையை இறுக்கி, மஞ்சள் சாயலையும் மீள்தன்மையையும் தருவது அதுவே. தடித்த இழை உள்வரை வேக நெடுநேரம் ஆகும். பத்து நிமிடத்தைத் தொட்டும் கொதிக்கவைப்பவர்கள் உண்டு. அவ்வளவு நேரம் வெந்த இழையின் மேற்பரப்பில் மாவுச்சத்து கசிந்து வழவழக்கும். குளிர்ந்த நீரில் தேய்த்து அலசும்போது அந்த வழவழப்பு நீங்குகிறது, இழை இறுகுகிறது, பல்லுக்கு எதிர்த்து நிற்கும் வலு வருகிறது. மீண்டும் வெந்நீரில் போட்டால் அந்த வலுவில் ஒரு பகுதி தளர்ந்துவிடும். கிண்ணத்தில் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கும். இழையின் அகலத்தைக்கூட இத்தொழிலில் எண்ணால் குறிக்கிறார்கள்: 30 மில்லிமீட்டரை வெட்டுக்கத்தியின் எண்ணால் வகுத்தால் அகலம் கிடைக்கும். 10 எண் கத்தி 3 மில்லிமீட்டர் இழையைத் தரும். 20 எண் கத்தி 1.5 மில்லிமீட்டர் இழையைத் தரும். எண் குறையக் குறைய இழை தடிக்கும்.

நூடுல்ஸ் வெந்து வர நேரமாகும் என்பதால் அமர்ந்தவுடன் உணவு வரவில்லையே என்று பதற வேண்டியதில்லை. தண்ணீரை நாமே ஊற்றிக்கொள்ள வேண்டும். பையை இருக்கையின் கீழுள்ள கூடையில் வைக்கலாம். காகித ஏப்ரன் கிடைத்தால் தயங்காமல் கட்டிக்கொள்ள வேண்டும்; கெட்டிச் சூப் தெறித்த வெள்ளைச் சட்டையை மீட்பது கடினம்.

உண்ணும் முறை

கிண்ணங்கள் வந்ததும் முதலில் செய்ய வேண்டியது, எதிலும் தோய்க்காமல் இரண்டு மூன்று இழைகளை மட்டும் மென்று பார்ப்பது. கோதுமையின் மணமும் மெல்லிய இனிப்பும் அப்போதுதான் தெரியும். சூப்பில் தோய்த்த பிறகு அந்தச் சுவை பின்னுக்குப் போய்விடும். அடுத்து, கரண்டி இருந்தால் சூப்பை ஒரு துளி சுவைக்கலாம். ராமென் சூப்பைப் போல மடக்கென்று குடித்துவிடக் கூடாது. நூடுல்ஸைத் தோய்ப்பதற்கென்றே உப்பையும் அடர்த்தியையும் கூட்டிக் காய்ச்சியது அது.

அந்தச் சூப்பின் ஆழத்தில் தமிழ் நாவுக்குப் பழக்கமான ஒன்று இருக்கிறது. ‘நிபோஷி’ எனப்படும் உலர்த்திய சிறுமீன் பெரும்பாலும் நெத்திலியே. ‘கட்சுஓபுஷி’ என்பது சூரை மீனை அவித்து, புகையூட்டி, கட்டையாக உலர்த்தியது. தூத்துக்குடியிலும் இலங்கையிலும் புழங்கும் மாசிக் கருவாடும் சூரையை அவித்துப் புகையூட்டி உலர்த்தியதே. மாசிச் சம்பல் உண்டு வளர்ந்தவருக்குக் கிண்ணத்திலிருந்து எழும் முதல் ஆவியே அதை உணர்த்திவிடும். கருவாட்டு மணம் ஒவ்வாதவர்கள் மீன் பொடி வைத்த வகைகளைத் தவிர்த்துக் கோழிச் சூப் வகைகளை நாடலாம்.

இனித் தோய்ப்பு. ஒரு முறைக்கு நான்கைந்து இழைகளுக்கு மேல் எடுக்க வேண்டாம். குவியலின் நடுவில் சாப்ஸ்டிக்கைக் குத்தி இழுத்தால் பாதிக் கிண்ணமும் சேர்ந்து எழும்பும். மடிப்பின் ஓரத்திலிருந்து உயர்த்தினால் இழைகள் தனியாகப் பிரிந்து வரும். சூப்பில் இழைகளின் கீழ்ப்பாதியை மட்டும் அமிழ்த்தி எடுத்து, உடனே உறிஞ்ச வேண்டும். தோயாத பாதியும் தோய்ந்த பாதியும் வாயில் ஒன்றுசேரும்போதுதான் உப்பு அளவாக அமையும். முழுவதையும் சூப்பில் கொட்டிக் கலப்பவர் உண்பது உப்புக் கூடிய ராமென்தான். அத்துடன் இழைகளில் ஒட்டிய நீரால் சூப் நீர்த்து, அவற்றின் குளிர்ச்சியால் விரைவில் ஆறியும் போகும்.

உறிஞ்சும்போது ஓசை எழுவது ஜப்பானில் குறையன்று. காற்றோடு சேர்த்து இழுக்கும்போது மணம் மூக்கை எட்டுகிறது. சூடும் சற்றுத் தணிகிறது. ஆனால் இந்தத் தடித்த இழைகளை மெல்லிய ராமென் இழைகளைப் போல ஒரே இழுப்பில் உள்ளே கொண்டுபோவது பழகாதவருக்கு எளிதன்று. சாப்ஸ்டிக்கால் கீழிருந்து தாங்கிக்கொடுத்துச் சிறிது சிறிதாக இழுக்கலாம். ஓசையில்லாமல் உண்பவரையும் யாரும் ஏறெடுத்துப் பார்க்கப் போவதில்லை. நூடுல்ஸில் சாப்ஸ்டிக்கை நட்டுவைப்பது மட்டும் கூடாது. அது இறந்தோருக்குப் படைக்கும் சோற்றை நினைவூட்டும் செயல்.

இறைச்சித் துண்டுகள் நூடுல்ஸின் மேல் வந்தால் அவற்றைத் தொடக்கத்திலேயே சூப்பில் அமிழ்த்திவிட்டால் கொழுப்பு இளகும். நோரி ஊறிக் குழைவதற்கு முன் அதில் இழைகளைச் சுற்றி உண்ணலாம். மீன் பொடியை ஒரேயடியாகக் கலக்காமல், முதல் சில வாய்கள் அதைத் தொடாமல் உண்டுவிட்டு, பிறகு நோரியைச் சாய்த்துச் சிறிது சிறிதாகக் கரைத்தால் ஒரே கிண்ணத்தில் சுவை படிப்படியாக ஏறுவதை உணரலாம். முட்டையைப் பாதி வழியில் உண்பது நல்லது. இளகிய மஞ்சள் கரு, உப்பு ஏறிய நாவுக்கு ஓய்வு தரும். மூங்கில் குருத்தை எப்போது வேண்டுமானாலும் கடிக்கலாம்.

மேசையில் மிளகாய்த்தூள், ஏழு பொருள் கலந்த ஷிச்சிமி, வினிகர், மிளகு போன்றவை இருக்கும். பாதி உண்டபின்னரே இவற்றைத் தொட வேண்டும் என்பது என் கருத்து. மிளகாய்த்தூளைச் சூப்பில் தூவாமல் நூடுல்ஸின் ஒரு மூலையில் தூவினால், பிடிக்காவிட்டால் அந்த மூலையோடு போய்விடும். கனம் திகட்டத் தொடங்கும் வேளையில் வினிகரின் சில சொட்டுகள் பெரிய மாற்றத்தைச் செய்யும். யாமாகிஷியின் பழைய பாணியில் புளிப்பு ஏன் இருந்தது என்பதும் அப்போது விளங்கும்.

சூப் ஆறிவிட்டால்

குளிர்ந்த இழைகள் திரும்பத் திரும்ப விழுவதால், பாதிக்குமேல் சூப் வெதுவெதுப்பாகிவிடுவது இந்த உணவின் இயல்பான குறை. கடைகள் இதற்குப் பலவிதத் தீர்வுகளை வைத்திருக்கின்றன. டெட்சு என்னும் கடை, அடுப்பில் சூடேற்றிய கல்லைக் கேட்பவர்களுக்குத் தருகிறது; அதைச் சூப்பில் மெல்ல இறக்கினால் மறுபடி கொதித்துப் பொங்கும். கல்லைக் கையால் தொடக் கூடாது. பொங்கி அடங்கும்வரை முகத்தைக் கிண்ணத்தருகே கொண்டுபோகவும் கூடாது. வேறு சில கடைகளில் கேட்டால் சூப்பை மீண்டும் சூடாக்கித் தருவார்கள். இவை எதுவும் இல்லாத இடத்தில் பேச்சையும் படம் எடுப்பதையும் குறைத்து உண்பதே வழி. சுகேமென் ஒரு அரட்டை உணவன்று.

சூப்பு வரி

நூடுல்ஸ் தீர்ந்ததும் கிண்ணத்தில் எஞ்சியிருக்கும் கெட்டிச் சூப்பை அப்படியே குடிக்க முடியாது. அதில் உப்புக் குறைந்த, தெளிந்த சூடான சாற்றை ஊற்றி இளக்கிக் குடிப்பதே ‘சூப்பு வரி’. சில கடைகளில் அந்தச் சாறு வெந்நீர்க் குடுவையில் கவுன்டரிலேயே இருக்கும். இல்லையென்றால் கிண்ணத்தைச் சற்று உயர்த்தி “சூப்பு வரி, ஒனெகாய் ஷிமாஸ்” என்று கேட்டால் போதும். தாமே ஊற்றிக்கொள்ளும் இடத்தில் முதலில் சிறிதளவு சேர்த்துச் சுவைத்துவிட்டு மேலும் சேர்க்கலாம். மொத்தமாக ஊற்றிவிட்டால் நீர்த்துப்போனதை மீட்க முடியாது. கெட்டிச் சூப்பில் அமுங்கியிருந்த மீனின் மணம் இப்போது தனியாக எழும். சில இடங்களில் யூசு எலுமிச்சையின் தோல் துருவலோ நறுக்கிய வெங்காயமோ சேர்த்துத் தருவார்கள்.

முழுவதையும் குடித்தாக வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ஜப்பானிய அரசின் 2020-ஆம் ஆண்டு உணவு வழிகாட்டு அளவுகளின்படி ஆண்களுக்கு நாளொன்றுக்கு 7.5 கிராமுக்கும் பெண்களுக்கு 6.5 கிராமுக்கும் குறைவாக உப்பு இருக்க வேண்டும். இத்தகைய சூப் அதில் பெரும்பங்கை எடுத்துக்கொள்ளக்கூடியது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் சில மிடறுகளோடு வைத்துவிடலாம். அதை யாரும் அவமதிப்பாகக் கருதமாட்டார்கள்.

உண்டு முடித்தவுடன் கிண்ணங்களைக் கவுன்டரின் மேல்தட்டில் எடுத்துவைத்து, அங்கிருக்கும் துணியால் தம் இடத்தைத் துடைத்துவிட்டு, “கோச்சிசோசமா தெஷ்தா” என்று சொல்லி எழுந்துவிட வேண்டும். டிப்ஸ் வைப்பது அந்நாட்டு வழக்கமன்று.

அடுத்த முறை

கெட்டிச் சூப் வகையை ஒரு முறை உண்டவர்கள் அடுத்து ‘கொம்புசுய்’ வகையைத் தேடலாம். அதில் நூடுல்ஸ், கொம்பு கடற்பாசி ஊறிய வழுவழுப்பான நீரில் மூழ்கி வரும். முதலில் உப்பு மட்டும் தொட்டு உண்டு, பிறகு தெளிந்த சோயாச் சூப்பில் தோய்க்க வேண்டும். இறுதியில் அந்தக் கடற்பாசி நீரையே ஊற்றிச் சூப்பை இளக்கிக்கொள்ளலாம். இழைகள் ஒட்டாமலிருக்கவும் அது உதவுகிறது.

காரம் வேண்டுபவர்கள் ஹிரோஷிமாவுக்குச் செல்ல நேர்ந்தால் அங்குள்ள சுகேமெனைத் தவறவிடக் கூடாது. அங்கே சூப்பும் குளிர்ச்சியானதே. சோயாவும் மிளகாய் எண்ணெயும் எள்ளும் கலந்த செந்நிறக் குழம்பில், குளிர்ந்த நூடுல்ஸோடு அவித்த முட்டைகோஸும் வெள்ளரியும் சேர்ந்து வரும். காரத்தின் அளவை எண்ணால் சொல்லிக் கேட்க வேண்டும். ஜப்பானியக் காரம் நமக்கு ஒரு பொருட்டா என்று உயர்ந்த எண்ணைச் சொல்லிவிடாமல் நடு எண்ணில் தொடங்குவது நல்லது. மிளகாய் எண்ணெயைக் கூட்டக் கூட்ட எள்ளின் மணம் அடங்கிப்போகும்; அந்தக் குழம்பில் சுவைக்க வேண்டியதே எள்தான்.